எட்டு பைட் மிச்சம்

மூன்றாம் ஆண்டு மாணவி, கணிப்பொறியியல் துறை

கெர்னல் என்றதும் பட்டாளத்துக் கர்னலை நினைத்துக்கொண்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். ஆனால் நான் சொல்ல வந்த கெர்னல் மிடுக்காக முன்னால் வந்து நிற்கிற ஆசாமி அல்ல. கல்யாண வீட்டில் கொட்டகைக்குப் பின்னால் அடுப்போடு நிற்கும் சமையல்காரர் மாதிரி. பந்தியில் உட்கார்ந்தவர்கள் அவரைப் பார்ப்பதே இல்லை. சாம்பார் வரத் தாமதமானால்தான் "யாருப்பா இங்க சமையல்?" என்று குரல் வரும்.

கணிப்பொறியில் நாம் பார்க்கிற எழுத்து, படம், பாட்டு எல்லாம் பந்தி. அதற்குப் பின்னால், எந்த நிரல் எப்போது ஓட வேண்டும், எதற்கு எவ்வளவு நினைவகம் தர வேண்டும், வட்டில் எதை எங்கே எழுத வேண்டும் என்று பார்த்துக்கொள்வது கெர்னல். உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது. 3 கோடி வரிகளுக்கும் மேற்பட்ட அந்த நிரலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். "இந்த இடத்தை இப்படி மாற்றினால் நல்லது" என்று எழுதியும் அனுப்பலாம். அப்படி அனுப்பும் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். கிழிந்த வேட்டிக்குப் போடும் ஒட்டுக்கும் அதே சொல்தான். இந்த ஆண்டு நானும் ஒரு ஒட்டுத் துணியை வெட்டி எடுத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றேன்.

எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது 2 ஜி.பி. ராம் கொண்ட ஒரு லேப்டாப். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அக்கா வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும், "இத நீ வெச்சுக்க அம்மிணி" என்று என்னிடம் தந்துவிட்டார். தங்கமான லேப்டாப். ஆனால் பிரவுசரில் நாலு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கம்பைலரையும் ஓடவிட்டால் எலி அசையாது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... திடீரென்று பிரவுசர் காணாமல் போய்விடும். மற்றதெல்லாம் நன்றாக ஓடும்.

வைரஸ் என்றாள் தோழி. ஹார்டுடிஸ்க் போச்சு என்றான் இன்னொருவன். கெர்னல் எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் கொலைக்கான வாக்குமூலமே அதில் இருந்தது! 'அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்' என்று, கொல்லப்பட்டவரின் பெயர், எண், அவர் பிடித்துவைத்திருந்த நினைவகம் எல்லாம் வரிசையாக. கொலையாளியின் பெயர் ஓ.ஓ.எம். கில்லர். கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கும் ஆசாமி.

இந்த ஆசாமி ஏன் தேவைப்படுகிறார் என்பது சுவாரசியமான சங்கதி. ஒரு நிரல் 100 எம்.பி. வேண்டும் என்று கேட்டால், கெர்னல் கையில் இருக்கிறதா என்று கறாராகப் பார்க்காமலேயே பெரும்பாலும் "சரி" என்று சொல்லிவிடும். கேட்டதை எல்லாம் யாரும் உடனே பயன்படுத்துவதில்லை என்ற நம்பிக்கை. சீட்டுப் பிடிப்பவரின் கணக்கு மாதிரி. எல்லோரும் ஒரே நாளில் வந்து பணத்தைக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வண்டி ஓடுகிறது. ஒருநாள் எல்லோரும் வந்துவிட்டால்? அப்போது யாராவது ஒருவரை வெளியேற்றித்தான் மற்றவர்களைக் காப்பாற்ற முடியும். யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர்தான் பெரும்பாலும் பலி. ஒரு நிரலைத் தொடாதே என்று நாம் முன்கூட்டிச் சொல்லிவைக்கவும் வழியுண்டு; அதற்கு -1000 என்று மதிப்பு கொடுத்துவிட்டால் கில்லர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

"ஒரு ராம் வாங்கிப் போட்டாத் தீந்துது. இதுக்குப் போயி..." என்றார்கள் நண்பர்கள். நியாயம்தான், வாங்க முடிந்தவர்களுக்கு. ஆனால் எங்கள் வீட்டில் இருக்கும் போனில் ராம் வாங்கிப் போட இடமே கிடையாது. உலகத்தில் எத்தனை கோடிப் போன்கள் அப்படி இருக்கின்றன! அவற்றுக்கெல்லாம் இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்துவது ஒன்றே வழி.

நண்பர்களே, லினக்ஸின் கதையே அப்படித்தான் ஆரம்பிக்கிறது. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஜனவரியில் தவணைமுறையில் ஒரு 386 கணிப்பொறி வாங்கினார். அதன் நினைவகம் 4 எம்.பி. (ஜி.பி. அல்ல, எம்.பி.! இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதற்குள் அடங்குவது கஷ்டம்.) அந்த ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி, தாம் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகப் பிறருக்குச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 21. அதை எடுத்து ஓட்டிப் பார்த்தவர்களில் ஜெர்மனியில் இருந்த ஒருவரிடம் 2 எம்.பி.தான் இருந்தது. கெர்னலைக் கம்பைல் செய்ய அவருக்கு இடம் போதவில்லை. அவருடைய சங்கடத்தைக் கேட்ட லினஸ், 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகத்தில் இடமில்லாதபோது பக்கங்களை வட்டுக்கு அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியை எழுதினார். 1992 ஜனவரியில் வெளியான 0.12 பதிப்பில் அது இருந்தது. லினக்ஸ் முன்மாதிரியாகப் பார்த்த மினிக்ஸில் கூட அன்று அந்த வசதி கிடையாது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 4 எம்.பி. வைத்திருந்தவருக்கு அந்த வசதி அவசியப்படவில்லை. பாதி வைத்திருந்தவர் கேட்டதால்தான் வந்தது. அந்த ஜெர்மன்காரர் "என் மெஷின் சின்னது, நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்" என்று இருந்திருந்தால்?

நினைவகத்தைக் கெர்னல் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம் லேப்டாப்பில் ஒரு பக்கம் என்பது 4096 பைட். ஒவ்வொரு பக்கமும் யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்றெல்லாம் பேரேட்டில் குறித்துக்கொள்ள, பக்கத்துக்கு 64 பைட் செலவாகிறது. என்னுடைய 2 ஜி.பி.யில் 5,24,288 பக்கங்கள். பேரேட்டுக்கு மட்டும் 32 எம்.பி. போய்விடுகிறது. கணக்கு எழுதும் நோட்டுக்கே இவ்வளவா என்று வாயைப் பிளந்தேன். ஆனால் 1 டி.பி. ராம் வைத்திருக்கும் பெரிய சர்வருக்கு இதே விகிதத்தில் 16 ஜி.பி.! அதனால் பணக்காரர்களும் இந்த விஷயத்தில் கஞ்சர்கள். 2021இல் வந்த 5.14 கெர்னலில், பெரிய பக்கங்களுக்கு இந்தப் பேரேட்டின் பெரும்பகுதியை விடுவித்துத் திருப்பித் தரும் வேலை சேர்ந்தது. அதை எழுதியவர் முச்சுன் சாங். என் லேப்டாப்பும் அந்த சர்வரும் ஒரே கவலையில் இருப்பதைப் பார்த்தபோது ஒரு அல்ப சந்தோஷம்.

என் லேப்டாப்பைப் பிழைக்கவைத்தது இசட்-ராம். வீட்டில் அலமாரி நிறைந்துவிட்டால் போர்வைகளை எடுத்துப் பரணில் போடுவோம். அது வட்டுக்கு அனுப்புவது. எடுக்க ஏணி வேண்டும், நேரமாகும். இசட்-ராம் செய்வது வேறு. போர்வையைக் காற்றுப் போக அமுக்கிச் சுருட்டி அதே அலமாரியில் ஒரு மூலையில் திணிக்கிறது. பக்கங்களைச் சுருக்கி நினைவகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் எடுக்கவும் சுருக்காக முடிகிறது. விரித்து மடிக்கப் பிராசசர் கொஞ்சம் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். இதை எழுதியவர் நிதின் குப்தா. 2010இல் வந்த 2.6.33 கெர்னலில் 'ஸ்டேஜிங்' என்கிற திண்ணையில் இதற்கு இடம் கிடைத்தது. திண்ணையிலிருந்து உள் வீட்டுக்குள் போனது 2014இல், 3.14 கெர்னலில். நாலு வருஷத் திண்ணைவாசம்! இன்று விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இது ஓசைப்படாமல் போர்வை சுருட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாத் திண்ணைவாசிக்கும் உள்ளே இடம் கிடைத்துவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் கான் கோலிவாஸ் என்று ஒரு மருத்துவர். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவர். கணிப்பொறி படித்தவர் அல்ல. சி மொழியைத் தாமே கற்றுக்கொண்டு, வீட்டில் சாதாரண மெஷின் வைத்திருப்பவர்களுக்காகப் பேட்ச் எழுதினார். அவற்றில் ஒன்று, வட்டுக்கு அனுப்பிய பக்கங்களை நினைவகத்தில் இடம் காலியானவுடன் கேட்காமலே திரும்ப எடுத்துவைப்பது. ஆண்ட்ரூ மோர்ட்டன் பராமரிக்கும் சோதனைக் கிளையில் அது நெடுநாள் இருந்தது. பலர் பயன்படுத்தி "நன்றாக இருக்கிறது" என்றார்கள். 'நன்றாக இருக்கிறது' என்பதை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிற பதில் கிடைக்கவில்லை. பிரதான கெர்னலில் அது சேரவே இல்லை. 2007இல் கோலிவாஸ் கெர்னல் வேலையை விட்டு விலகினார். இரண்டு வருஷம் கழித்து வேறொரு பேட்ச்சோடு வந்தார் என்பது தனிக்கதை.

இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால் மருத்துவர் பக்கம்தான் மனசு சாய்கிறது. ஆனால் 3 கோடி வரிகளைக் காவல் காக்கிறவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால், எண் இல்லாமல் எதையும் உள்ளே விட எனக்கும் பயமாகத்தான் இருக்கும். நினைவகப் பகுதியில் ஒரு இடத்தைத் தட்டினால் வேறு இடத்தில் ஓடு விழும். 2001 செப்டம்பரில், 2.4 வரிசை வெளியாகி எட்டு மாதம் கழித்து, லினஸ் 2.4.10 பதிப்பில் ரிக் வான் ரீல் எழுதிய நினைவக மேலாண்மையையே எடுத்துவிட்டு ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி எழுதியதை வைத்தார். ஓடும் பஸ்ஸில் எஞ்சின் மாற்றிய கதை அது. எவ்வளவு வாக்குவாதம் நடந்திருக்கும்!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சி மொழியில் ஸ்ட்ரக்ட் என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். பலவகைத் தகவலை ஒரே பெட்டியில் கட்டிவைப்பது. பரீட்சையில் "ஸ்ட்ரக்டுக்கும் யூனியனுக்கும் வித்தியாசம் எழுதுக" என்று வரும், எழுதிவிடுவோம். பரீட்சையில் வராத ஒன்று உண்டு. 64 பிட் மெஷினில் பாயிண்டர் 8 பைட். அது 8ஆல் வகுபடும் முகவரியில்தான் உட்காரும். இன்ட் 4 பைட். ஒரு இன்டை எழுதி அடுத்து ஒரு பாயிண்டரை எழுதினால், நடுவில் 4 பைட் சும்மா கிடக்கும். யாரும் அதில் எதையும் வைக்க முடியாது. இப்படிப்பட்ட ஓட்டைகளைக் காட்டுவதற்கென்றே 'பாஹோல்' என்று ஒரு கருவி இருக்கிறது. பிரேசில்காரர் அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ எழுதியது. கெர்னலை அதனிடம் கொடுத்தால், எந்த ஸ்ட்ரக்டில் எங்கே எத்தனை பைட் ஓட்டை என்று படம் போட்டுக் காட்டிவிடும்.

இப்படி ஒரு ஓட்டை கண்ணில் பட்டவுடன் துள்ளிக் குதிப்பதில் அர்த்தமில்லை. கெர்னல் முழுவதற்கும் ஒரே ஒரு பிரதி இருக்கும் ஸ்ட்ரக்டில் 8 பைட் மிச்சம் பிடித்து என்ன பிரயோஜனம்? ஆயிரக்கணக்கில் பிறக்கும் ஸ்ட்ரக்ட் வேண்டும். அதற்கு 'ஸ்லாப்டாப்' என்ற கட்டளை. எந்தவகைப் பெட்டி இந்த நிமிடத்தில் எத்தனை இருக்கிறது என்று அது காட்டும். நான் கெர்னலைக் கம்பைல் செய்ய விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோப்புகளோடு சம்பந்தப்பட்ட ஒரு ஸ்ட்ரக்ட், 42,000 பிரதிகள். (எந்தப் பகுதி என்று இங்கே பெயர் சொல்லவில்லை. விஷயம் இன்னும் முடியவில்லை.) ஒன்றின் அளவு 200 பைட். பாஹோலைக் கேட்டால், இரண்டு இடத்தில் இன்டுக்குப் பின்னால் பாயிண்டர். இரண்டு இடத்திலும் 4 பைட் ஓட்டை.

அன்று இரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மஞ்சள் மண்டியில் லோடு ஏற்றுகிறவர்.

"அதென்ன அம்மிணி, பொட்டி பொட்டியா?"

"மெமரிங்கப்பா. பெருசு எட்டு, சின்னது நாலு. சின்னதுக்குப் பொறகால பெருச வெச்சா நடுவால சந்து உளுந்துருதுங்கப்பா."

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டைப் பார்த்தார். எழுத்துப் படிக்கத் தெரியாது. கட்டம் தெரியும்.

"இந்தச் சின்னச் சிப்பம் ரெண்டையும் பக்கம் பக்கமாப் போட வேண்டீதுதான? ஏன் ஒண்ண அங்கயும் ஒண்ண இங்கயும் போட்டுச் சந்து உட்டிருக்கறாங்க? லாரில இப்படி ஏத்துனா மேஸ்திரி வெய்வாரு."

நான் செய்ய நினைத்திருந்ததும் அதுதான். கெர்னலில் ஏன் அப்படி இருந்தது என்றால், முதல் இன்டை எழுதியவர் ஒருவர், இரண்டாவதைப் பல வருஷம் கழித்துச் சேர்த்தவர் வேறொருவர். லாரியில் வழியில் ஏற்றிய மூட்டை மாதிரி. குற்றம் யார் மேலும் இல்லை.

இரண்டு இன்டையும் அடுத்தடுத்து வைத்தால் 200 பைட் 192 ஆகிறது. ஒரு 4096 பைட் பக்கத்தில் 200 பைட் பெட்டி 20 தான் கொள்ளும். 192 என்றால் 21. ஆக, 42,000 பெட்டிக்கு 2,100 பக்கம் தேவைப்பட்ட இடத்தில் 2,000 போதும். 100 பக்கம், அதாவது 400 கே.பி. மிச்சம். சிரிக்காதீர்கள். இடம் மாறியது ஒரே ஒரு வரி! போதாக்குறைக்கு 192 என்பது மூன்று 64. பிராசசர் நினைவகத்தை 64 பைட் துண்டுகளாகத்தான் எடுக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் இப்போது துண்டு எல்லையிலேயே தொடங்கிவிடுகிறது.

வரியை இடம் மாற்ற அரை நிமிடம். அதை அனுப்பத் தயாராக ஆறு வாரம். கெர்னலின் முழுச் சரித்திரத்தோடு இறக்கினால் சில ஜி.பி. ஆகும்; என் டேட்டா தாங்காது. கடைசிப் பதிப்பை மட்டும் கல்லூரி லேபில் இறக்கி பென்டிரைவில் எடுத்துவந்தேன். என் லேப்டாப்பில் ஓடும் டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' முறையில் கம்பைல் செய்தும் ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம். ராத்திரி ஓடவிட்டுப் படுப்பேன். விசிறிச் சத்தத்தில் அம்மா எழுந்து, "அந்தப் பொட்டிய அணைச்சுப் போட்டுத் தூங்கு" என்பார். பிறகு கோப்புகளைத் திறந்து மூடும் ஒரு சிறு நிரல் எழுதிப் பழைய கெர்னலில் 20 தடவை, புதியதில் 20 தடவை ஓட்டினேன். வேகத்தில் இருந்த வித்தியாசம், ஒரே கெர்னலில் ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதுதான் எனக்கு வேண்டியது. வேகம் குறையவில்லை, இடம் மிச்சம்.

கடிதம் எழுதுவது தனிக் கலை. வெறும் எழுத்து மின்னஞ்சல்தான் வேண்டும், இணைப்பு கூடாது. ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் இடைவெளியாக மாறிப் பேட்ச் கெட்டுவிடும்; 'கிட் சென்ட்-இமெயில்' மூலமாகத்தான் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று சொல்ல ஒரு கருவி, நடை சரியா என்று பார்க்க ஒரு கருவி, எல்லாம் கெர்னலோடேயே வருகிறது. விளக்கத்தை ஏவல் வாக்கியத்தில் எழுத வேண்டும் என்பது விதி. "மாற்றினேன்" அல்ல, "மாற்று". கெர்னலுக்கு நாம் உத்தரவு போடுவதுபோல! பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு ஆங்கிலத்தில் இதைவிடச் சௌகரியமான நடை கிடையாது. வினைச்சொல்லுக்குக் காலம் பார்க்க வேண்டியதில்லை. மிச்சத்தை எண்கள் பேசிக்கொள்ளும்: 200, 192, 20, 21.

கடைசி வரி, 'சைன்டு-ஆஃப்-பை'. இந்தத் திருத்தத்தைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பெயரும் முகவரியும் போட்டு உறுதி சொல்வது. 2003இல் ஒரு கம்பெனி லினக்ஸின் மேல் காப்புரிமை வழக்குகளைக் கிளப்பிய பிறகு, 2004இல் லினஸ் கொண்டுவந்த வழக்கம். அநாமதேயமாக அனுப்ப முடியாது. கல்லூரிப் பதிவேட்டில் எனக்கு ஒற்றையெழுத்து இனிஷியல். அங்கே அதை விரித்து, என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை முழுசாக எழுதினேன். அப்பாவிடம் திரையில் காட்டினேன். "இதுல எதுங்க்ற என்ற பேரு?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி இல்லாததால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாணவர்கள் அனுப்பும் பேட்ச் என்றால் அவர்கள் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதில் ஆச்சரியமில்லை. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரிசோதனை என்ற பெயரில் தெரிந்தே ஓட்டை உள்ள பேட்ச்சுகளைக் கெர்னலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் எதையும் ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டார். அங்கிருந்து முன்பு நல்ல மனசோடு அனுப்பியவர்களின் பழைய பேட்ச்சுகளைக்கூட மறுபடி எடுத்துத் துருவினார்கள். சம்பளமில்லாமல் நம்பிக்கையை மட்டும் முதலாக வைத்து வருகிற என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் யாரும் செய்துவிட முடியாது என்று எனக்கு அன்றைக்குக் கோபமாகவே வந்தது.

அனுப்பி ஐந்து நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் காலை பஸ்ஸில் போகும்போது போனில் பதில். மூன்றே வரி. "வணக்கம்" கூடக் கிடையாது. 32 பிட் மெஷினில் என்ன ஆகிறது என்று ஒரு கேள்வி. இடம் மாறிய இன்ட் முன்பு கூடவே படிக்கப்படும் தகவலோடு ஒரே 64 பைட் துண்டில் இருந்ததே, இப்போது எங்கே இருக்கிறது என்று இன்னொரு கேள்வி. மூன்றாம் வரி, எண்களோடு இரண்டாம் பதிப்பை அனுப்பவும்.

அந்த மூன்று வரியை அன்று எத்தனை தடவை படித்திருப்பேன்! நீ யார், எந்தக் கல்லூரி, எந்தக் கம்பெனி என்று ஒரு வார்த்தை இல்லை. கெர்னலில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களில் ஒருவர் என் 8 பைட்டுக்காக உட்கார்ந்து, அந்த ஸ்ட்ரக்டைத் திறந்து, துண்டு எல்லையை எண்ணிப் பார்த்திருக்கிறார். கேள்வி கடுமையாக இருந்தது, அதில்தான் மரியாதை இருப்பதாகப் பட்டது.

32 பிட்டுக்கு என்ன செய்வது? எங்கள் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு பழைய ராஸ்பெரி பை இருந்தது. சாரிடம் கேட்டதும் "எடுத்துக்கம்மா, அது சும்மாதான் தூங்குது" என்று கொடுத்தார். அதில் பாயிண்டரும் 4 பைட், இன்டும் 4 பைட்; ஓட்டையே கிடையாது. எனவே லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டாம் கேள்விக்குப் பதில் கொஞ்சம் தலைவலி. இரண்டு இன்டையும் முன்பக்கம் வைப்பதா, பின்பக்கம் வைப்பதா என்று இரண்டு விதமாகவும் கட்டி ஓட்டினேன். நான்கு ராத்திரி. முன்பக்கம் வைத்தால் கூடப் படிக்கப்படும் தகவல் அதே துண்டிலேயே கிடக்கிறது. இரண்டு அளவுகளையும் அட்டவணையாகப் போட்டு, தலைப்பில் 'வி2' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் இன்னொருவரிடமிருந்து பதில் வந்தது. 'ரிவ்யூடு-பை' என்று தம் பெயரைப் போட்டிருந்தார். படித்துப் பார்த்தேன், சரி என்று அர்த்தம். அது ஏற்றுக்கொண்டதாகாது. அந்தப் பகுதியின் மெயின்டெய்னர் தம் கிளையில் சேர்க்க வேண்டும். பிறகு அடுத்த பதிப்புக்கான வாசல் திறக்கும் இரண்டு வாரத்துக்குள் அது லினஸிடம் போக வேண்டும். அந்த வாசல் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டுக் கெடு வைத்த தேதிவரை மெயின்டெய்னரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"என்னாச்சு அம்மிணி, நம்ம லோடு எறங்குச்சா?" என்று அப்பா இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்கிறார். "செக்போஸ்ட்டுல நிக்குதுங்கப்பா" என்கிறேன். அவருக்குப் புரிகிறது.

இதற்கிடையில் ஸ்லாப்டாப்பில் இன்னொரு பெயர் கண்ணில் பட்டிருக்கிறது. என் மெஷினில் 18,000 பிரதி. பாஹோல் மூன்று ஓட்டை காட்டுகிறது. ராஸ்பெரி பையை இன்னும் லேபில் திருப்பிக் கொடுக்கவில்லை.